ஜாமீன்: ஆளுக்கா, பணத்துக்கா?

நாமக்கல்லில் ஒரு லாரிக்கோ திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டிக்கோ கடன் எழுதும்போது, வாங்குகிறவரின் கையெழுத்தோடு வேலை முடிவதில்லை. கூட ஓர் ஆள் வர வேண்டும். பங்காளியோ, மச்சானோ, ஒரே ஸ்டாண்டில் வண்டி வைத்திருக்கும் நண்பரோ வந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு ‘ஜாமீன் கையெழுத்து’ என்று பெயர். அவர் மனத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஆள் தெரிந்தவர், ஊரை விட்டு ஓடமாட்டார், டியூ தவறினால் கூட்டி வந்து உட்கார வைக்கலாம். அவர் கையெழுத்திட்ட தாளில் எழுதியிருப்பதோ வேறு. அசல், வட்டி, அபராத வட்டி, வசூல் செலவு அத்தனைக்கும் தாமே கடனாளி போலப் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. பல மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அவருக்குத் தெரிகிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவர் குற்றம் என்று சொல்லி நாம் கோப்பை மூடிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். ‘ஜாமீன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு கடமைகளைப் போட்டு அடைத்ததும், அவற்றைப் பிரித்துக் காட்டிய அடைமொழிகளைக் கைவிட்டதும் நம் தொழில்தான் என்பது மீதிப் பாதி. சேலம், நாமக்கல் பகுதியில் தமிழில் பத்திரம் எழுதும் வழக்கறிஞர்களும் ஆவண எழுத்தர்களும் அந்த அடைமொழிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த இதழின் வாதம்.

சொல்லின் வழியை முதலில் பார்ப்போம். அரபியில் ‘ளாமின்’ என்றால் பொறுப்பேற்றுக்கொண்டவர். பாரசீகத்திலும் உருதுவிலும் அது ‘ஸாமின்’ ஆகி, நம்மிடம் ‘ஜாமீன்’ ஆயிற்று. பிறந்த இடத்தில் அது ஒரு மனிதரைக் குறிக்கும் பெயர். இந்தியில் இன்றும் விடுதலைக்கு ‘ஜமானத்’, நிற்கிற ஆளுக்கு ‘ஜாமின்’ என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. தமிழில் ஆளின் பெயரே விடுதலையின் பெயராகிவிட்டது. ஆளைச் சொல்ல வேறு சொல் வேண்டியிருந்ததால் ‘தார்’ என்ற பாரசீக விகுதியை ஒட்டி ‘ஜாமீன்தார்’ என்றோம். அதுவும் போதாமல் மரியாதை விகுதி சேர்த்து ‘ஜாமீன்தாரர்’ ஆக்கினோம். ஏற்கெனவே ஆளைக் குறித்த சொல்லுக்கு ஆள் விகுதி இரண்டு முறை ஏறியிருக்கிறது. பேச்சு வழக்கு இந்தக் குழப்பத்தை வினைச்சொல்லால் சமாளிக்கிறது. ‘ஜாமீன் கிடைத்தது’ என்றால் நீதிமன்ற உத்தரவு. ‘ஜாமீன் கொடுத்தார்கள்’ என்றால் எழுதிக் கொடுத்த உறுதி. ‘ஜாமீன் நின்றார்’ என்றால் ஆள். ஆனால் கடன் பத்திரத்தின் அடியில் ‘ஜாமீன்’ என்று அச்சடித்து ஒரு கோடு போட்டிருக்கும் இடத்தில் வினைச்சொல் ஏதும் இல்லை. அங்கே கையெழுத்துப் போடுகிறவர் தமக்குத் தெரிந்த பொருளைத்தான் அதில் ஏற்றிக்கொள்வார். அவருக்குத் தெரிந்த பொருள், ஆளுக்காக நிற்பது.

இந்தச் சொல் நம் அலுவலகங்களுக்கு வந்தபோது தனியாக வரவில்லை. சேலம், நாமக்கல் அடங்கிய இந்தச் சமவெளி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் சேலம், பாராமகால் பகுதியில் நில அளவையும் வரி நிர்ணயமும் நடத்திய அந்தக் காலத்து நிர்வாகத்தின் தடம், தாசில்தார், ஜமாபந்தி, முச்சலிக்கா, அமீனா என்று இன்றும் நம் வாயில் இருக்கிறது. அந்த நிர்வாகத் தமிழுக்கு மூலமான பாரசீக வழக்கில் ‘ஜாமீன்’ என்ற சொல் ஓர் அடைமொழியோடு நடந்தது. ஒருவர் நேரில் வந்து நிற்பார் என்பதற்குப் பொறுப்பேற்றவர் ‘ஹாஜிர் ஜாமீன்’. வரியோ கடனோ வந்து சேரும் என்பதற்குப் பொறுப்பேற்றவர் ‘மால் ஜாமீன்’. ஒருவருடைய நடத்தைக்குப் பொறுப்பேற்றவர் ‘ஃபேல் ஜாமீன்’. எச். எச். வில்சன் 1855-இல் வெளியிட்ட நீதி, வருவாய்த் துறைச் சொற்களின் அகராதியில் இவை தனித்தனிப் பதிவுகளாகவே இருக்கின்றன. ஒருவரிடம் ஜாமீன் கேட்டால், எந்த ஜாமீன் என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே அடங்கியிருந்தது. ‘ஹாஜிர்’, ‘மால்’ இரண்டும் தமிழ்ச் செவிக்கு அந்நியமாக இருந்ததால் உதிர்ந்திருக்கலாம். உதிர்ந்த இடத்தில் தமிழ்ச் சொல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இழப்பு.

இந்தப் பாகுபாடு பாரசீகர் கொண்டுவந்த புதுமையும் அல்ல. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட யாக்ஞவல்கிய ஸ்மிருதி, பிணை நிற்பதை மூன்றாகப் பிரிக்கிறது: ஆளைக் கொண்டுவந்து காட்டுவதற்கு, ஆள் நம்பத் தகுந்தவர் என்று சொல்வதற்கு, பணம் கொடுப்பதற்கு. பிரித்ததோடு நிற்காமல் விளைவையும் பிரிக்கிறது. முதல் இரண்டு வகையில் பிணை நின்றவர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகள் மீது பொறுப்பு ஏறாது. பணத்துக்கு நின்றவர் இறந்தால் பிள்ளைகள் கொடுக்க வேண்டும். தென்னிந்திய நீதிமன்றங்கள் பின்பற்றிய மிதாட்சரம் அந்த நூலின் உரைதான். தந்தையின் பணப் பிணைக்கு மகன் பொறுப்பா என்ற வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த அடிப்படையிலேயே நடந்தன. மகனின் அந்தச் சமயக் கடமையை 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. ஆனால் பழைய பாகுபாட்டின் உயிர் போகவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 446(4), அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 491(4) இரண்டும் சொல்வதைப் படியுங்கள்: பிணை முறி பறிமுதல் ஆவதற்கு முன் ஜாமீன்தாரர் இறந்தால் அவருடைய சொத்து முழுப் பொறுப்பிலிருந்தும் விடுபடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 131-ஐ அருகில் வைத்துப் பாருங்கள். தொடர் உத்தரவாதம் கொடுத்தவர் இறந்தால், இனி நடக்கப்போகும் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் அது முடிகிறது. அதுவும் பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரைதான். ஏற்கெனவே ஏறிய கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தைப் பற்றியே நிற்கும். ஆளுக்கு நின்றவரின் கடமை அவரோடு போகிறது, பணத்துக்கு நின்றவரின் கடமை அவருக்குப் பின்னும் இருக்கிறது. சட்டம் இன்றும் இரண்டாகவே பார்க்கிறது. நம் சொல்தான் ஒன்றாகக் கிடக்கிறது.

இதைவிடக் கூர்மையான வேறுபாடு ஒன்று உண்டு. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. கடனுக்கு ஜாமீன் நின்றவர் பணத்தைக் கட்டிவிட்டால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 145-இன்படி அதைக் கடனாளி அவருக்கு ஈடுசெய்தாக வேண்டும். அப்படி ஓர் உறுதிமொழி எழுதப்படாமலே இருப்பதாகச் சட்டம் கொள்கிறது. அந்த ஈட்டுரிமை இல்லாமல் கடன் உத்தரவாதம் என்ற அமைப்பே நிற்காது. குற்ற வழக்கில் அதே ஏற்பாடு செல்லாது. ‘நான் ஓடிப்போனால் நீ கட்டும் தொகையை நான் தருகிறேன்’ என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீன்தாரரிடம் எழுதிக் கொடுத்தாலும், முன்பணமாகவே கொடுத்து வைத்தாலும், அது பொதுக் கொள்கைக்கு விரோதம். இங்கிலாந்தில் 1885-இல் ஹெர்மன் எதிர் ஜோய்க்னர் வழக்கு அப்படித்தான் முடிந்தது. நன்னடத்தைக்காக நிறுத்திய ஜாமீன் ஒன்றில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதற்கும் முன்னதாக, 1878-லேயே, அதே முடிவுக்கு வந்தது. காரணம் எளிது. தம் சொந்தப் பணம் போய்விடும் என்ற கவலை இருந்தால்தான் ஜாமீன்தாரர் எதிரியின் மேல் ஒரு கண் வைத்திருப்பார். அந்தக் கண்காணிப்பைத்தான் நீதிமன்றம் அவரிடம் கேட்கிறது. ஒரு ஜாமீனில் ஈட்டுரிமையே உயிர், இன்னொன்றில் அதே ஈட்டுரிமை சட்ட விரோதம். ஒன்றுக்கொன்று இவ்வளவு எதிரான இரண்டு உறவுகளை ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுகிறவர் வித்தியாசம் தெரிந்துகொள்ளவில்லை என்று குறை சொல்வது நியாயம் ஆகாது.

ஆங்கிலச் சட்டச் சொற்களிலும் இந்தப் பிரிவைக் காணலாம். ‘ஷ்யூரிட்டி’ லத்தீனின் ‘செக்யூரிட்டாஸ்’ வழியாக வந்தது. கவலையில்லாத நிலை என்பது அதன் பொருள், அதாவது கடன் கொடுத்தவரின் கவலை தீர்ந்த நிலை. ‘பெயில்’ பழைய பிரெஞ்சில் ஒப்படைப்பதைக் குறித்த சொல். அதற்கும் முந்தைய லத்தீன் வேர் சுமை தூக்குவதைச் சொல்வது. ஒன்று பணத்தின் பக்கம் பார்க்கிறது, மற்றது ஆளின் பக்கம் பார்க்கிறது. ‘பிணை’ என்ற தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வதுண்டு. கட்டுதல் என்ற வேரிலிருந்து வந்த நல்ல சொல் அது. ஆனால் பிணை என்று மட்டும் எழுதினால் கேள்வி அப்படியே நிற்கும். எதோடு கட்டுகிறோம் என்று அதுவும் சொல்வதில்லை. இலங்கைத் தமிழர் இந்த இடத்தில் நம்மைவிடக் கவனமாக இருக்கிறார்கள். அங்கே நீதிமன்றச் செய்தியில் ‘சரீரப் பிணை’, ‘ரொக்கப் பிணை’ என்று பிரித்தே எழுதுவார்கள், படிக்கிறவருக்கு ஐயம் வராது. தமிழில் இது முடியாத காரியம் அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நம் பக்கத்திலும் ‘ஆள் ஜாமீன்’ என்ற வழக்கு பேச்சில் இருக்கிறது. அதற்கு இணையாக நிற்க வேண்டிய ‘பண ஜாமீன்’தான் பத்திரத்தில் ஏறாமல் இருக்கிறது.

இனி மறுப்புகள். சட்டம் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது என்பது முதல் மறுப்பு. ஒப்பந்தச் சட்டம் 1872-இலேயே பிரிவு 126-இல் உத்தரவாதத்துக்கு இலக்கணம் சொல்லிவிட்டது. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமாக விரியும் என்று பிரிவு 128 சொல்லிவிட்டது. முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு வா என்று கடன் கொடுத்தவரை நிறுத்திவைக்க முடியாது என்று பேங்க் ஆப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எல்லாம் சரி. நாம் இந்த விதியை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இது இயற்கை விதி அல்ல, ஒரு தேர்வு என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஜஸ்டினியன் பேரரசர் கி.பி. 535-இல் செய்த சட்டத்தின் வழியில், கடனாளியின் சொத்தைத் தேடிப் பார்த்த பிறகே பிணையாளரிடம் வர வேண்டும் என்ற சலுகையை ரோமன் சட்டம் கொடுத்தது. ரோமன் டச்சுச் சட்டம் வழங்கும் இலங்கையில் அந்தச் சலுகை இன்றும் உண்டு. அங்கேயும் கடன் பத்திரங்களில் அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்பது வேறு. ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், அப்படி ஒன்று இருக்கிறது என்றாவது பத்திரத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நம் சட்டத்தில் சலுகையும் இல்லை, அது இல்லை என்று சொல்லும் வரியும் தேவையில்லை. விதி கடுமையாக இருக்கும் இடத்தில்தான் அதை அறிவிக்கும் சொல் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தொழில் பக்கத்திலிருந்து வருவது, கனமானது. லாரி ஓரிடத்தில் நிற்கும் சொத்து அல்ல. இன்று சங்ககிரியில் இருப்பது நான்காம் நாள் வேறு மாநிலத்தில் இருக்கும். அதன் மேல் கடன் கொடுக்கும் சிறு பைனான்ஸ்காரருக்கு உள்ள உண்மையான பாதுகாப்பு, ஊரில் வீடும் காடும் வைத்திருக்கும் ஜாமீன்தாரர்தான். ‘பண ஜாமீன்’ என்று முகத்தில் எழுதினால் பாதிப் பேர் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோவார்கள். வண்டி வாங்க நினைக்கும் டிரைவருக்குக் கடனே கிடைக்காது என்கிறார்கள். இந்தச் சமவெளியில் டிரைவராக, கிளீனராகத் தொடங்கி உரிமையாளர் ஆனவர்கள் பலரை உருவாக்கியது இந்த ஜாமீன் கையெழுத்துதான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எழுந்துபோகக் கூடியவரை ஒரு சொல்லின் மங்கலில் உட்கார வைத்து வாங்கிய கையெழுத்து எவ்வளவு தூரம் தாங்கும்? முக்கியமான விவரத்தை மறைத்தோ தவறாகச் சொல்லியோ பெற்ற உத்தரவாதம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகள் 142, 143 சொல்கின்றன. அந்த வாதத்தை எழுப்ப ஜாமீன்தாரருக்கு இடமே இல்லாமல் செய்வது பைனான்ஸ்காரருக்குத்தான் லாபம். இன்ன தொகை வரை, இன்ன தேதி வரை என்று தெரிந்து நிற்கும் ஜாமீன்தாரர், டியூ தவறிய முதல் மாதமே கடனாளியின் வீட்டுக்குப் போவார். தெரியாமல் நின்றவர் நோட்டீஸ் வந்த பிறகுதான் போவார். அதற்குள் வண்டி எங்கேயோ இருக்கும்.

கடன் கொடுப்பவரும் தம் பக்கத்துக் கடமையை இதில் மறந்துவிடுகிறார். பணத்தைக் கட்டிய ஜாமீன்தாரர், பிரிவு 140-இன்படி கடன் கொடுத்தவரின் இடத்துக்கே வந்துவிடுகிறார். அடமானமாக இருந்த பொருளின் மேல் உள்ள உரிமை பிரிவு 141-இன்படி அவருக்கும் உண்டு. கடன் கொடுத்தவர் அந்தப் பொருளைத் தொலைத்தால் அதன் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். அடகு வைத்த சரக்கு வங்கியின் கவனக்குறைவால் போய்விட்ட ஸ்டேட் பேங்க் ஆப் சௌராஷ்டிரா எதிர் சித்தரஞ்சன் ரங்கநாத் ராஜா வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் ஜாமீன்தாரரை விடுவித்தது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 51-இன் கீழ் ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. பதிவு ஏற்றாமல் விட்டு, வண்டி கைமாறிப்போன பிறகு ஜாமீன்தாரரை மட்டும் துரத்துவதும், வண்டியைத் தூக்கி வந்து அவருக்கு ஒரு கடிதம்கூடப் போடாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதும் இந்தப் பிரிவுகளோடு மோதக் கூடியவை. இவற்றுக்கு எதிராக அச்சுப் படிவங்களில் ஒப்பந்தச் சட்டத்தின் 133 முதல் 141 வரையிலான பிரிவுகள் தரும் பாதுகாப்புகளை எல்லாம் ஜாமீன்தாரர் விட்டுக்கொடுப்பதாக ஒரே வரியில் எழுதி வைக்கிறார்கள். அப்படி விட்டுக்கொடுக்க முடியும் என்று நீதிமன்றங்கள் ஏற்கின்றன. முடியும் என்பதாலேயே அந்த வரி தமிழில், படிக்கும் எழுத்தில், தனியாக ஒரு கையெழுத்தோடு இருக்க வேண்டும். வங்கி சாரா நிதி நிறுவனங்கள் கடன் வாங்குபவருக்கு அனுப்பும் எல்லாத் தகவலும் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் சொல்கின்றன. கடன் வாங்கியவரின் அளவுக்கே பொறுப்பேற்கும் ஜாமீன்தாரருக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டாமா?

குற்றவியல் பக்கத்தில் குழப்பம் எதிர்த் திசையில் ஓடுகிறது. இங்கே தேவைப்படுவது ஆள் ஜாமீன். ஆனால் நாம் கேட்பதெல்லாம் பண ஜாமீனின் அடையாளங்கள்: வீட்டு வரி ரசீது, சிட்டா, தாசில்தார் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்று. எதிரிக்கு இவர் யார், ஒரே ஊரா, ஒரே இடத்தில் வேலை செய்கிறாரா, அழைத்தால் கூட்டி வரக் கூடியவரா என்பதைக் கேட்க நேரம் இருப்பதில்லை. சட்டத்தின் சொல்லே ‘தகுதி’, ‘போதுமை’ என்று இரண்டு. அதை உறுதிமொழி வாக்குமூலத்தின் பேரில் ஏற்றுக்கொள்ளலாம் என்று சன்ஹிதாவின் பிரிவு 485 அனுமதிக்கிறது. போதுமையை மட்டும் வைத்துக்கொண்டு தகுதியை விட்டுவிட்டோம். இதன் முழு அடி வாங்குவது இந்தச் சமவெளியின் லாரி டிரைவர்தான். தொலைதூர மாநிலத்தில் ஒரு விபத்து வழக்கில் சிக்கியவருக்கு அந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் ஆளை எங்கே தேடுவது? மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் 1978-இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் இதே கேள்வியைத் தென்னிந்தியரின் பெயரைச் சொல்லியே எழுப்பினார். ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழமை நீதிமன்றம் மறுத்திருந்த வழக்கு அது. உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடுவித்தது. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே விடுதலை தாமதமாக ஒரு காரணம் என்று 2023 ஜனவரி 31-ஆம் தேதி உத்தரவிலும் அந்த நீதிமன்றம் குறித்திருக்கிறது. ஜாமீன் உத்தரவு கிடைத்து ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாதவருக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்கிறது. அந்த உத்தரவின் நகலோடு வெளிமாநில வழக்கறிஞரைத் தொடர்புகொள்வது இங்குள்ள நம் வேலையின் ஒரு பகுதி.

சொத்தைப் பார்க்காமல் விட்டால் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் பெருகுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கூலி ஜாமீன்தாரரை வளர்த்தது எது? எதிரியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரானாலும் கையில் ஒரு வரி ரசீது இருந்தால் போதும் என்ற நிலைதான். ரசீதுக்கு விலை வைக்கலாம். சொந்தம், சிநேகம், பழக்கம் இவற்றுக்கு வைக்க முடியாது. இதற்கு முன் எத்தனை பேருக்கு நின்றிருக்கிறேன் என்று ஜாமீன்தாரர் அறிவிக்க வேண்டும் என்ற விதி (முன்பு 441-ஏ, இப்போது 486) ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சடங்காக நிரப்பாமல் கேட்டுப் பதிவு செய்தால் அந்த அச்சத்தின் பெரும்பகுதி தீரும். புதிய சன்ஹிதா, ஜாமீன்தாரர் இல்லாத சொந்த உறுதியை ‘பாண்ட்’ என்றும், ஜாமீன்தாரரோடு கூடியதை ‘பெயில் பாண்ட்’ என்றும் இலக்கணத்திலேயே பிரித்துவிட்டது. தமிழ் மனுக்களில் இரண்டையும் ‘ஜாமீன்’ என்று எழுதுவதை நாம் இனியாவது நிறுத்தலாம்.

பெயரை மாற்றினால் பொறுப்பு மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாறாது, பிரிவு 128 அப்படியேதான் இருக்கும். ஆனால் பொறுப்பை ஏற்கும் முன் அதை மறுக்கும் வாய்ப்பு ஒரு மனிதருக்குக் கிடைக்கும், அது சிறிய காரியம் அல்ல. ஆகவே இந்த இதழின் வேண்டுகோள் இது. கடன் பத்திரம் எழுதும்போது ‘ஜாமீன்’ என்று தனியாக எழுதாதீர்கள்; ‘பண ஜாமீன்’ என்று எழுதி, உச்சத் தொகையையும் முடியும் தேதியையும் அதே வரியில் சேருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்க உடன்படாதீர்கள். ஜாமீன்தாரருக்கு ஒரு நகலைக் கையில் கொடுத்து, வண்டியை எடுத்தாலும் விற்றாலும் அவருக்கு முன்னறிவிப்பு உண்டு என்ற ஒரு வரியைச் சேருங்கள். குற்ற வழக்கின் மனுவில் ‘ஆள் ஜாமீன்’ என்று எழுதி, அந்த ஆளுக்கும் எதிரிக்கும் உள்ள உறவைச் சொத்து விவரத்துக்கு முன்னால் வையுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம். உங்கள் மேசையில் இருக்கும் படிவத்தை இந்த வாரமே திருத்தினால் போதும்.